பதினான்காம் கண்

மூன்று அட்டைப் பெட்டிகளில்
கொழும்பிலிருந்து வந்து இறங்கியது குளம்.
பங்களாவின் பழைய டெனிஸ் கோர்ட்டில்
குழாய்களைப் பூட்டி
நீலத் தாளை உள்ளே தொங்கவிட்டு
பவுசரால் நிரப்பினோம்.
மண்ணைத் தோண்டாமல்
மண்மேல் உட்காரவைத்த தண்ணீர்.
தொட்டி என்றால் திலகசிறி ஐயாவுக்குக் கோபம் வரும்,
பூல் என்று சொல்லவேண்டும்.

ஏப்ரலில் வந்தவர்கள் ஏணியில் ஏறினார்கள்.
ஒரு கால் வைத்தார்கள், எடுத்தார்கள்.
ஒரு பையன் மட்டும் முழுசாய்க் குதித்து
உதடு ஊதாவாகி
இரண்டு கோப்பை இஞ்சித் தேத்தண்ணி குடித்தான்.
பிறகு யாரும் வரவில்லை.
பிறகு சவுக்கு இலைதான்.

மேலே பச்சை, அடியில் வெள்ளி.
வலைபோட்டு அள்ளி நிமிர்ந்தால்
முதுகுக்குப் பின்னால் மறுபடி அத்தனை.
பைன் ஊசி, செத்த ஈசல்,
ஒரு நாள் பல்லி,
ஒரு நாள், எப்படியென்று தெரியாது,
ஒற்றைச் செருப்பு.

அதனால் வாங்கினார்கள் படங்கு.
கரும்பச்சை. ஓரத்தில் பித்தளைக் கண் இருபத்திரண்டு.
படங்கு எனக்குப் புதிதில்லை.
பன்னிரண்டு வருஷம் இடுப்பில் கட்டி
கொழுந்து எடுத்தவள்.
தண்ணீருக்குக் கட்டிவிட்டதுதான் புதிது.

லொறி டியூப்பை ஊதி நடுவில் மிதக்கவிட்டு
அதன்மேல் விரி என்றது
அந்தோனிமுத்துவின் மூளை.
இல்லாவிட்டால் மழை நடுவில் தேங்கி
எல்லாம் சேர்ந்து அமுங்கிவிடுமாம்.
அப்படியும் ஒரு மடிப்பில் தேங்கியது, ஒரு சாண்.
அதில் மைனா குளித்தது.
கீழே பதினெட்டாயிரம் லீட்டர்
சுத்தமாய், இருட்டில்,
ஒருவருக்கும் வேண்டாமல்.

ஆனியில் காற்று கிளம்பியது.
எங்கள் ஊரில் இதைக் கச்சான் என்போம் என்றார்
மூதூர்ச் சமையல்காரர் நஸார்தீன்.
பெயர் வைத்ததும் அதற்கு வீறாப்பு வந்துவிட்டது.
இரவு முழுக்க
படங்கு மூச்சு வாங்கியது.
உப்பும். இறங்கும். உப்பும்.
இரண்டு மணிக்குப் பதினான்காம் கண் கிழிந்தது.
அங்கேதான் முடிச்சு.
ஒரே கயிறு, மற்றக் கண்களைவிட்டு
சரசரவென்று உருவிக்கொண்டு ஓடியது.
டோர்ச்சோடு வெளியே வந்தேன்.
ஒரு பெரிய கறுப்பு
கூரைக்கு மேலால் போனது.

விடிந்தபோது நீலம் அம்மணமாய்க் கிடந்தது.
டியூப் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
இலை, இலை, இலை.
முப்பத்தெட்டாயிரம் என்றார் ஐயா ஃபோனில்.
யாருடைய சம்பளத்தில் என்று
நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

மதியம், ஏழாம் நம்பர் மலையிலிருந்து
மழைக்குள் ஏறி வந்தது ஒன்று.
கரும்பச்சை முதுகு. இருபதுக்குமேல் கால்கள்.
வளைவில் திரும்பும்போது
வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.
உள்ளே சிரிப்பு.

“ஒங்க மாடு எங்க மலையில மேஞ்சுச்சு,”
தலையை வெளியே நீட்டினாள் புஷ்பகாந்தி.
“புடிச்சுக் கட்டுங்க.”
காலையிலிருந்து மாறி மாறிக்
கம்பில் தூக்கிப் பிடித்து
அதன் கீழேயே நின்று எடுத்தார்களாம்.
ஊற்றிய ஊற்றில் மற்ற மலைக்கெல்லாம் அரைப்பேர்.
இவர்களுக்கு முழுப்பேர்.
பதினொரு தலை. ஒன்றிலும் ஈரமில்லை.
இறக்கி மடித்துக் கொடுத்துவிட்டு
நனைந்துகொண்டு இறங்கினார்கள்.

பங்களாப் புத்தகத்தில் எழுதினேன்:
காற்றில் போனது. கிடைத்தது.
சேதம், கண் ஒன்று.

டவுனில் புதுக் கண் அடிக்க நூற்றைம்பது ரூபாய்.
இரண்டு மாதமாக
எனக்கு டவுனுக்குப் போக நேரமில்லை.
ஏழாம் நம்பர் பக்கமாய்
பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குத்
தாவுகிறது கயிறு.
அந்த இடைவெளியில் இலை விழத்தான் செய்கிறது.
அள்ளுகிறேன்.