என் முறை வந்தபோது

மைக்கை என்னிடம் நீட்டுகிறார்கள்.
எனக்கு முன் சாட்சி சொன்னவர்
கனவில் வெளிச்சம் கண்டிருந்தார்.
நான் கண்டது
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்.

மூடியிருந்தது, வழக்கம்போல.
டேங்கர் டேங்கராக ஒரு சரக்கு ரயில்.
பைக் மேல் தண்டல் நோட்டு,
அதில் மீன் வெட்டும் சலோமி:
நூறு நாள் கணக்கு, பதினோரு நாள் பாக்கி.
காலையில்தான் சந்தை நடுவே
கேட்கக்கூடாத வார்த்தையில் கேட்டிருந்தேன்.
"கொழந்தைக்கு ஜொரம், ஸ்டான்லிக்குப் போவணும்,
எட்றி காச."

கேட்டை ஒட்டித் தகரக்கூரை ஜெபவீடு.
கடைசிப் பெட்டி கடந்ததும்
உள்ளேயிருந்து அவள் குரல்.
"ஏசப்பா, தணிகாசலம் பொண்ணுக்கு ஜொரம் வுடணும்.
பேர் தெர்ல. சின்னப் பொண்ணு."
கடனைப் பற்றி ஏதும் சொல்லவில்லை.
சொல்வாளென்று நின்றேன்.
கேட் திறந்து
பின்னால் ஹாரன் கத்தும்வரை நின்றேன்.

அன்றே மனம் மாறினேன் என்றால் பொய்.
மறுநாளும் போய் அறுபது ரூபாய் வாங்கினேன்,
செதில் ஒட்டிய தாள்கள்.
கிளம்பும்போது "யுவஸ்ரீ" என்றேன்.
"இன்னாது?"
"பொண்ணு பேரு."

பிறகு எட்டு மாதம்
இந்த வாசலில், செருப்புகளோடு செருப்பாக.
எந்தப் பாட்டும் முழுசாய்த் தெரியாது இன்னும்.
வீட்டில் அங்காளம்மன் படம் இருக்கிறது.
மனைவி விளக்கேற்றுகிறாள்,
தீப்பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

வெளிச்சமெல்லாம் இல்லை ஐயா.
என் பெயரை ஒருத்தி
வசவில்லாமல் சொன்னாள்,
நான் இல்லாத இடத்தில்.

மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.
ரயில் வருகிறது,
இனிப் பேசினாலும் கேட்காது.