ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

பாத்திரங்களைப் பிரித்தாயிற்று.
பித்தளை எடை போட்டு,
பீங்கான் ஜாடிகள் சீட்டுக் குலுக்கி.
அறைகளுக்கு ஆளுக்கொரு பூட்டு.
பத்திரத்தில் மிஞ்சியது ஒரு வரி:
ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், வெளிர்நீலம், ஓடாது. பொது.

ஓடாததை நாலாக வகுக்க
வக்கீலுக்குத் தெரியவில்லை.

விற்கவாவது ஓட வேண்டுமே என்றாள் அடைக்கம்மை.
அவ்வளவுதான் நோக்கம்,
பாசம் கீசம் ஒன்றும் இல்லை.
சித்திரை வெயிலில் நால்வரும்
கண்டனூர் வந்து சேர்ந்தோம்.

ஹெரால்டின் பானெட் முன்பக்கம் கவிழும்,
மட்கார்டு இரண்டையும் கூடவே இழுத்துக்கொண்டு.
உள்ளே எலிக்கூடு. தேங்காய் நார்.
ஒரு கல்யாணப் பத்திரிகை,
மாப்பிள்ளை பெயர் வரைக்கும் தின்றிருந்தது.

செயின் பிளாக் வாடகை நாளுக்கு முந்நூறு.
எஞ்சின் ஆடி ஆடி இறங்கி
வளவுக்கு வந்தது.
ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டு ஆயில் விழட்டும் பார்க்கிறேன் என்று
அண்ணமிண்டி கோணியும் பழைய வேட்டிகளும் விரித்தாள்.

பாகம் பாகமாகப் பிரித்தோம்.
மூன்று வருஷம் கோர்ட்டில் சொன்ன அதே சொல்,
இப்போது ஸ்பானரும் கையுமாக.

வால்வுகளை முட்டை அட்டையில் குத்தி
எண் எழுதினான் சாத்தப்பன் மகன் கதிரேசன்.
அண்ணன் பங்குக்குப் போன தூக்குச்சட்டியில்
என் போல்ட்டுகள் ஊறின.
என் பங்கு அடுக்கில்
அடைக்கம்மையின் கார்புரேட்டர்.
மண்ணெண்ணெய் நாற்றத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.
மூன்றாம் நாள் அந்தக் கையோடே கும்மாயம் தின்றோம்.

மூன்றாவது சிலிண்டரில் ஒரு கீறல்.
கண்ணுக்குத் தெரியவில்லை,
நகம்தான் கண்டுபிடித்தது.
காரைக்குடிப் பட்டறையில் நாலையும் குடைந்தார்கள்.
கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில்
ஓவர்சைஸ் பிஸ்டன்.

ரிங் முனைகள் முட்டக் கூடாதாம்,
சூட்டில் விரியுமாம், இடம் விட வேண்டுமாம்.
கதிரேசன் உரக்கப் படித்தான்.
வயிரவன் அண்ணனும் சாத்தப்பனும் அன்றைக்கு
எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு
ஒரு வாஷர் மிஞ்சியது.
யார் பாகம் என்றதற்கு
நால்வரும் சேர்ந்து சொன்னோம்:
என்னுடையது இல்லை.
எங்கள் வீட்டில் இந்தப் பதில்
இதுதான் முதல் தடவை.

சாவியைத் திருப்பினோம். படார்.
கார்புரேட்டர் நெருப்பைத் தும்மியது.
அண்ணமிண்டி ஈரச் சாக்கோடு ஓடி வந்தாள்.

ஒன்று இரண்டு மூன்று நான்கு என்றுதானே
வயர் மாட்டினேன், வரிசையில் என்ன தப்பு?
சாத்தப்பனுக்குக் கோபம்.

இதுக்கு வரிசை வேற அப்பா.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
வயசுப்படி வெடிச்சா
தண்டு உதறிப் போயிடும்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பத்திரத்தில் கையெழுத்து விழுந்ததும் இப்படித்தான்.
அண்ணன். சாத்தப்பன். அடைக்கம்மை.
இரண்டாவதாகப் பிறந்தவள்
மூன்று வருஷம் பேனா மூடியைத் திறக்கவில்லை.
அதற்கு அப்போது வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

ஆச்சி, நீயே மாட்டு என்று
வயரை நீட்டினான் சாத்தப்பன்.
கடைசிக் குழியில்
இரண்டைச் செருகினேன்.

டேங்க் முழுக்கத் துரு.
கொட்டகை விட்டத்தில்
குளூக்கோஸ் பாட்டில் மாதிரி
கால் லிட்டர் பெட்ரோல் தொங்கியது.

சுற்றியது. இருமியது.
இன்னொரு தடவை.
பிடித்துக்கொண்டது.

நீலப் புகை. ஓடுகள் அதிர்ந்தன.
பல்லி ஒன்று சுவரை விட்டே போய்விட்டது.
அண்ணன் கைக்கு எட்டும் தூரத்தில் சாவி,
எனக்கும் எட்டும்.
பாட்டிலில் மட்டம் இறங்குவதைப்
பார்த்துக்கொண்டே நின்றோம்.
அடைக்கம்மை விலையைப் பற்றி
என்னவோ சொன்னாள்.
சத்தத்தில் கேட்கவில்லை.