எண் உள்ள பாட்டுகள்

யொக்கோஹாமாவிலிருந்து
பழைய ஃப்ரிட்ஜ்களோடும் குழந்தைச் சைக்கிள்களோடும்
கொண்டெய்னரில் வந்தது இந்தக் கரோக்கேப் பெட்டி.
உப்புவெளியில் எங்கள் ஹோட்டல் முதலாளி
கிலோக் கணக்கில் விலைபேசி வாங்கினார்.
நாலாயிரம் பாட்டு இருக்கு என்றார்கள்.
திரை முழுக்க ஜப்பான் எழுத்து,
நண்டு நடந்த ஈரமணல் மாதிரி.

எனக்குப் பிடிபட்டவை இலக்கங்கள் மட்டும்.
பெயரில் 3 உள்ள பாட்டு,
17 உள்ளது, 22, 90, 365.
ஒன்றில் 100க்குப் பின்னால் ஒரு பூச்சி இருந்தது:
ரூபாயா, ராத்திரியா, கட்டையா, தெரியாது.
வரவேற்பு மேசைக் கொப்பியின் கடைசித் தாளில்
இருபத்தாறு பாட்டு எழுதி வைத்தேன்.
மீதி மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலும்
பெட்டிக்குள் வாய்மூடிக் கிடந்தன.

சனி இரவுகளில்
கொழும்பு வங்கிக்காரர்கள் பியரோடு வந்து
"பதினேழைப் போடுங்கோ மிஸ்" என்பார்கள்.
மெட்டும் தெரியாது, சொல்லும் தெரியாது,
லா லா என்று கத்திவிட்டுக்
கடலுக்குள் இறங்குவார்கள்.

மாசியில் ஒகுமுரா வந்தாள். ஆறாம் அறை.
சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில்
துரு எவ்வளவு தடிப்பு என்று அளக்கிற வேலை.
என் வயசுதான் இருக்கும்.
கொப்பியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள்.
அந்தப் பூச்சி "தரம்" என்றாள். நூறு தரம்.
எதை நூறு தரம் என்று சொல்லவில்லை.

ஒலிவாங்கியைத் தட்டி எண்ணிப் பார்த்தாள்.
இச்சி.
நி.
யாரை என்று நான் நிமிர்ந்தேன்.
சன். பிறகு சற்று நின்று, யோன்.
நாலுக்கு வேறொரு பெயரும் உண்டாம்,
அது சாவுக்கும் பெயராம், வாயில் எடுப்பதில்லையாம்.
விளங்கியது. நாங்களும்
போறன் என்று சொல்லமாட்டோமே,
வாறன் என்றுதானே வாசலைத் தாண்டுகிறோம்.
கோ. ரொக்கு.
நானா.
"என்ன மிஸ்?"
குசினியிலிருந்து நஸ்மில் நானா
மீன் பொரித்த அகப்பையோடு வந்து நின்றார்.
ஏழைக் கூப்பிட்டால் இவர் வருகிறார் என்று
அவளுக்கு விளங்கப்படுத்தவே பத்து நிமிசம் போனது.
ஹாச்சி. கியூ.
ஒன்பதுக்குக் கியூவா!
பெற்றோலுக்கு நான் இரண்டு இரவு நின்ற கியூ,
டோக்கன் 417,
ஸ்கூட்டியில் தலைசாய்த்துத் தூங்கியபோது
என் ஷோலைத் தின்ற கோட்டை வாசல் மான்,
எல்லாம் வந்து போனது.
அவளுக்குச் சொல்லவில்லை.

கொப்பியில் உள்ளதை மட்டும் பாடுவேன் என்றாள்.
ஐந்து பாட்டு முடிய, மெதுவாகக் கேட்டாள்:
91 இருக்கா?

உருகிச் சரிந்த ஒரு தாங்கி உண்டு காட்டுக்குள்.
யுத்தத்தில், எங்களுடையதில் இல்லை, அதற்கும் முந்தியதில்,
அவளுடைய நாட்டு விமானம் ஒன்று
அதில் வந்து விழுந்தது என்பார்கள்.
பகல் முழுக்க அதன் தகட்டைத்தான் அளந்திருக்கிறாள்.
விரல் நகத்தில் துரு இன்னும் போகவில்லை.

90 இருக்கு என்றேன்.
90ஐப் பாடினாள்.

அதன்பிறகு ஏதோ ஒரு பாட்டின் பெயர் சொன்னாள்.
"எத்தனை?" என்றேன், பேனையோடு.
கையை விரித்தாள். எண் இல்லாத பாட்டு.
தானே பெட்டியை உருட்டினாள், வாய்விட்டு வாசித்தபடி.
இரண்டு வருசமாய் நான் தூசி தட்டிய நண்டுக்கால்களுக்கெல்லாம்
அன்றைக்குத்தான் பெயர் கேட்டேன்.
பன்னிரண்டரை மட்டும் தேடினாள். இல்லை.
ஒலிவாங்கியை நிற்பாட்டி மேசையில் வைத்துவிட்டு
வெறும் வாயால் பாடினாள்.
அலைச் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை.

காலையில் பில் எழுதினேன்.
கரோக்கே: 6. பாட்டுக்கு இருநூறு.
ஒகுமுரா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்,
என் பேனையை வாங்கி ஆறை வெட்டினாள்.
"நானா" என்றாள்.

குசினியில் சத்தமில்லை.
அவர் சைக்கிளில்
கும்பிளா வாங்கப் போயிருந்தார்.