பிரிபடாத பாகம்

பத்திரத்தில் என் பங்கு
நானூற்றுப் பதினொரு சதுர அடி.
எந்த மூலை என்று கேட்கக் கூடாது.
சம்ப்புக்கு அடியில் கொஞ்சம் இருக்கலாம்,
மோட்டார் ரூமில் ஒரு சாண்.

மடிப்பாக்கத்தில் எட்டு வீடு,
கார் நிறுத்த ஏழு இடம்.
ஏழாவது யாருக்கு என்று
மூன்று வருடம் கூட்டம் போட்டோம்.
எஃப்-டூ அருளப்பன்
மஞ்சள் பெயிண்ட்டில் கோடு போட்டு
தன் எண்ணை எழுதினார்.
எஸ்-ஒன் பத்மாசனி
எண்ணை மட்டும் சுண்ணாம்பால் அழித்துவிட்டு
காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.
மினிட்ஸ் நோட்டில் எல்லாம் இருக்கிறது,
செயலாளர் என் கையெழுத்தில்.

ஐப்பசி மழையில் ஒரு விடியல்,
அருளப்பன் போய்விட்டார்.
ஐஸ் பெட்டி லிஃப்டில் நுழையவில்லை,
மாடிப்படியிலும் திரும்பவில்லை.
யாரும் சொல்லாமல் பத்மாசனி இறங்கி வந்து
காரை எடுத்துத் தெருவில் விட்டார்.

மஞ்சள் கோட்டுக்குள்
ஒரு பகல், ஒரு ராத்திரி
படுத்திருந்தார் அவர்,
பொது மீட்டரில் கரண்ட் ஓட.

நான் ரீடிங் பார்த்திருந்தேன்:
பதினெட்டு யூனிட்.
யார் தலையில் எழுத?
'மோட்டார்' என்று போட்டு
எட்டால் வகுத்தேன்.
எதற்கெடுத்தாலும் ரசீது கேட்கிறவர்கள்
இந்த முறை கேட்கவில்லை.

பத்மாசனியின் கார்
இன்னும் தெருவில்தான் நனைகிறது.