இரண்டே கால் கிலோமீட்டர்

குருபரப்பள்ளி தாண்டி
ஓசூர் போகும் பக்கம் என் கடை.
சுவருக்குக் கம்பெனி சொன்ன ஆரஞ்சு.
பெயின்டர் குப்புராஜ் ஒரு துளி சிவப்பு கூட்டியதற்கு
மறுபடி அடிக்கச் சொல்லி மெயில் வந்தது.

டீத்தூள் சீல் வைத்து வரும்.
சர்க்கரைக்கு அளவுக் கரண்டி.
"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று லாரிக்காரர் கேட்டால்
போடலாமா கூடாதா,
ஒப்பந்தத்தில் தேடினேன்.
நாற்பத்தோரு பக்கமும் இங்கிலீஷ்.
கையெழுத்து மட்டும் தமிழ்: கோ. சென்னம்மாள்.

கம்பெனிப் பங்கு நூற்றுக்கு ஆறு.
லாபத்தில் இல்லை, விற்றதில்.
தென்பெண்ணை வற்றும்.
இந்த ஆறு வற்றாது.

சும்மா சொல்லக் கூடாது,
மூன்று பெண்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.
மாங்கூழ் ஃபேக்டரியில் சீசனோடு வேலை போகும்,
டீக்கு ஏது சீசன்?
தொப்பி போட்ட திம்மக்காவை
அவள் மகனுக்கே அடையாளம் தெரியவில்லை.
ஒன்றாம் தேதியை மட்டும் உடனே தெரிந்துகொண்டான்.

இரண்டு கிலோமீட்டருக்குள் வேறு கடை வராது:
இந்த ஒரு வரியைத்தான்
மாமா மகன் தமிழில் சொன்னான், நகையை வைத்தேன்.
மாசியில் எதிர்ப்பக்கம் ஷெட் எழும்பியது.
பங்குனியில் ஆரஞ்சு.
அதே ஆரஞ்சு.

போன் போட்டேன்.
"மேப் பாருங்க மேடம், யூ டர்ன் அடிச்சு வர
இரண்டே கால் கிலோமீட்டர்."
மேப்பை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தேன்.
நடுவில் அரளிச்செடி வரிசை,
அதற்கு அப்பால்
என் கடை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கல்லாவில் வேடியப்பன், ஊத்தங்கரைப் பையன்.
அக்கா கல்யாணத்துக்கு இருந்த ஒன்றரை ஏக்கரை
டெபாசிட்டாகக் கட்டியவன்.
அவனுக்கும் நாற்பத்தோரு பக்கம்தானாம்.

மார்கழி, ராத்திரி பதினொன்று.
மேல்மருவத்தூர் போகும் மூன்று பஸ் அவன் பக்கம் நிற்க,
கப் தீர்ந்துபோய்
அரளியை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான்.
கிளைக்குக் கிளை சரக்கு மாற்றக் கூடாது.
தலைக்கு மேலே கேமரா.
நூறு கப் கொடுத்தேன், பால் நாலு பாக்கெட்.
"காலைல திருப்பித் தர்றேன்க்கா."
"பார்த்துப் போ," என்றேன்,
"இரண்டே கால் கிலோமீட்டர்."
சிரிக்க அவனுக்கு நேரமில்லை.

ஆயிரமாவது கடை என்று
கம்பெனி வாட்ஸப்பில் படம் அனுப்பியது,
இடமிருந்து வலம் ஏறும் ஒரு கோடு.
அதில் நான் எங்கே, வேடியப்பன் எங்கே,
தெரியவில்லை.
திம்மக்கா வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி,
"நல்லாத்தான் ஏறுதும்மா" என்றாள்,
சம்பளம் கூட்டிக் கேட்கிற குரலில்.