பாகம்

கோப்பு முழுக்க மூன்று தசம் எட்டு கிகாபைட்.
என் ஃபோனில் மிச்சம் முந்நூற்றிருபது மெகா.
இரவு டேட்டா பன்னிரண்டுக்குத்தான் திறக்கும்.
இப்போது ஒன்பதே முக்கால்.

கிண்ணியாவிலிருந்து மிஸ்பாஹ் நாலாம் தரம் அழைக்கிறார்.
"மூணு பத்துக்கு, சரியா மூணு பத்துக்கு,
போட்டுக்கு அடியால என்னமோ உரசிட்டுப் போச்சு.
தண்ணிக்குள்ள விட்ட உங்கட மைக்குக்குக் கேட்டிருக்கும்தானே?
அந்தத் துண்ட மட்டும் எடுத்துத் தாங்க."

மாலை ஆறுக்குத் தொடங்கிய பதிவு.
அதிகாலை மூன்று பத்து என்றால்
முப்பத்து மூவாயிரமாவது விநாடி.
விநாடிக்குத் தொண்ணூற்றாறாயிரம் பைட்,
தலைப்புக்கு நாற்பத்து நாலு.
கரண்ட் பில்லின் பின்புறத்தில் பெருக்கினேன்.
பூச்சியத்திலிருந்து எண்ணுகிற உலகம் இது.
ஒன்றைக் கழிக்க மறந்தால்
அடுத்த ஒலியின் துகளொன்று ஒட்டிக்கொண்டு வரும்.

நிரல் நூலகத்துக்கு ஒரே வரி:
3168000044-3171840043
நடுவில் ஒரு சிறு கோடு.
அதற்குள் நாற்பது விநாடிக் கடல்.

கேட்பது என் கையில்.
கொடுப்பது சீனக்குடாவில்,
ஏசி பழுதான அறையில் இரைந்துகொண்டிருக்கும் சேர்வரின் கையில்.
அது மறுக்கவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை.
இருநூற்றாறு வரவேண்டிய இடத்தில் வெறும் இருநூறு.
'கொஞ்சம் போதும்' என்றவனின் இலையில்
கல்யாண வீட்டார் கவிழ்ப்பதுபோல்
முதல் பைட்டிலிருந்து கொட்டத் தொடங்கிற்று.

நான் பார்க்கவில்லை.
தேத்தண்ணி வைத்துவிட்டு வாசலில் நின்றேன்.
நான் கிழித்தெறிந்த ரீலோட் காட்டை
உப்புவெளி மானொன்று மென்றுகொண்டிருந்தது.
ஓடிவந்து அறுப்பதற்குள் அறுபது மெகா.

காசு கொடுத்த சத்தம், அழிக்க மனமில்லை.
போட்டுக் கேட்டேன்.

மைக் இன்னும் பலகையில் கிடக்கிறது.
மரத்தில் கயிறு இழுபடுகிறது.
இரு கையும் விரித்து விரித்து மிஸ்பாஹ் அளக்கிறார்,
மூச்சோடு மூச்சாய் எண்ணுகிறார்.
ஒரு பாகம். ரெண்டு பாகம். மூணு பாகம்.
எட்டாவதில் இருமல். மறுபடியும் எட்டு.
பதினொண்டில் ஒரு சளக்.
அதன் பிறகு அவர் இல்லை.
எண்ணெயில் கடுகு பொரிவதுபோல்
இறால்கள் மட்டும் பொரிகின்றன.

ஆழம் பதினொரு பாகம் என்று குறிப்பேட்டில் என் கையெழுத்து.
பன்னிரண்டாக இருந்திருக்கலாம்.

சேர்வரைப் பார்க்கும் துஷ்யந்தியை எழுப்பினேன்.
"முன்னுக்கு நிக்கிற ப்ரொக்ஸி அந்த வரியைத் திண்டுடும்,
மற்ற வாசலால வாங்க" என்று கொட்டாவி விட்டாள்.

மற்ற வாசலால் வந்தது.
இருநூற்றாறு.
முப்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம் பைட்,
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

ஆனால் உரசல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.
கதவைத் திறந்தபோது பாதிப் பேச்சில் இருப்பவர்களைப்போல.
நீளமாக, அவசரமில்லாமல்,
பத்தொன்பதாம் விநாடியில் ஓய்ந்தது.
மிச்சம் முழுக்க இறால்.

மிஸ்பாஹுக்கு அனுப்பினேன்.
மூன்று தரம் கேட்டிருப்பார், அவ்வளவு நேரம் எடுத்தார்.
"இது வால் பக்கம். தலை இதுக்கு முந்தி."
எவ்வளவு முந்தி என்றேன்.
மறுமுனையில் சட்டை சரசரத்தது.
கையை விரித்துப் பார்க்கிறார் போல.
"ஒரு நாலு பாகம் இருக்கும்."

பில்லைத் திருப்பிப் போட்டேன்.
நாலு பாகத்துக்கு எத்தனை பைட் என்று
பெருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்,
பன்னிரண்டு ஆகும்வரை.