நாற்பத்தெட்டு மணி நேரம்

கறுப்பு வண்டி.
எதையும் மறைக்கத் தெரியாத கறுப்பு.
ஜூலையில் டோங்காட்டைச் சுற்றிக் கரும்புக்குத் தீ வைப்பார்கள்.
மதியம் மூன்றுக்குள்
சுருண்ட கரித்துணுக்குகள்
கொடியில் காயும் துணிமேலும்
எங்கள் சவ வண்டியின் கூரைமேலும் இறங்கிவிடும்.
உலர்துணியால் துடைத்தால் கீறும்;
வெயிலில் சிலந்திவலை தெரியும்.
ஊதித்தான் தள்ள வேண்டும்.
நீளமான வண்டி. என் மூச்சு குட்டை.

உம்லாங்காவுக்குப் போனேன்.
ரிவாஷன் கோவெண்டர், இருபத்தாறு வயது,
ஒரு பழைய பானட்டை மேசையாக்கி வைத்திருந்தான்.
பாதிக்கு சீலன்ட், பாதிக்கு செராமிக்.
இரண்டிலும் தண்ணீர் தெளித்தான்.
இந்தப் பக்கம் துளிகள் உட்கார்ந்து யோசித்தன.
அந்தப் பக்கம்
கடன்காரனைக் கண்டதுபோல் ஓடின.

"சீலன்ட் மேலே கிடக்கும், ஆன்ட்டி.
நாலு மாசம், மிஞ்சினால் ஆறு.
செராமிக் பெயிண்டோடு ஒட்டிப்போகும்.
அஞ்சு வருஷம். போட்டுட்டு மறந்துடலாம்."
பதினாலாயிரம் ராண்ட்.
சீலன்ட் போத்தல் முந்நூற்று எண்பது,
வருஷத்துக்கு ஒன்று போதும்.
கணக்கில் என் தோள்பட்டையைச் சேர்க்கவில்லை.

எதையெல்லாம் தாங்கும் என்றேன்.
பறவை எச்சம், மரப்பிசின், கடலுப்பு,
விரல் மடக்கிக்கொண்டே போனான்.

மஞ்சள் தண்ணீர்?
நசுங்கிய சாமந்தி?
கற்பூரத் தட்டு வைத்த வட்டம்?
வளையல் கையால் கதவில் அறைந்தால்?

கையேட்டைப் புரட்டினான். மூடினான்.
"அறைஞ்சா கீறும், ஆன்ட்டி. எதைப் போட்டாலும்."
அந்த ஒரு வார்த்தைக்கே
பணத்தைக் கட்டிவிடலாம் போலிருந்தது.

பழைய கீறலையெல்லாம் முதலில் பாலிஷ் போட்டு எடுக்கணுமாம்.
எடுக்காமல் பூசினால்
கீறலும் உள்ளே ஐந்து வருஷம் பத்திரமாக இருக்கும்.
பின்கதவில் ஒன்று இருக்கிறது, சாண் நீளம்.
ஒரே நாளில் ஆறு தடவை வெருலம் போய்வந்த
அந்தக் காய்ச்சல் வருஷம்.
முகம் காட்டக்கூடாது என்று உத்தரவு.
கண்ணாடியையாவது தொடுகிறேன் என்று வந்தாள்
ஒரு புருஷனை இழந்தவள்.
வண்டி நகர்ந்தது. கை நகரவில்லை.
மோதிரக் கல் இழுத்த கோடு.
அசல் கல்லாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"பூசினதும் ரெண்டு நாள் இங்கேயே நிக்கணும்.
ஈரமே படக்கூடாது. அப்பத்தான் இறுகும்."
நாற்பத்தெட்டு மணி நேரமா என்றேன்.
நாற்பத்தெட்டு என்றான்.

சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன்.
டோங்காட்டில் இரண்டு நாள்
யாரும் சாகாமல் இருக்க வேண்டும்.
எந்த இரண்டு நாள்?
கொழுந்தன் லோகனுக்குப் போன் போட்டேன்.
"ஆஸ்பத்திரியில் ரெண்டு பேர் இழுத்துக்கிட்டிருக்காங்க,
கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லவா அண்ணி?"

ஸ்பீக்கரில் கேட்டு ரிவாஷன் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
பிறகு அவன் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான்,
நம்பர் பிளேட்டைப் பார்த்தான்.
அவன் வீட்டுக்கும் ஒருமுறை வந்த வண்டி.
போத்தலில் முப்பது ராண்ட் குறைத்துக்கொண்டான்.

இன்று வியாழன், சாயங்காலம்.
ஷெட்டுக்குள் பூசிக்கொண்டிருக்கிறேன்.
சின்ன வட்டம், மெல்லிய பூச்சு,
அள்ளி அப்பினால் திட்டுத் திட்டாக நிற்கும்.
வெள்ளைப் படலம் கட்டும்வரை இருபது நிமிஷம்
கைகட்டி நிற்க வேண்டும்.
எங்கள் தொழிலில் இவ்வளவு நேரம்
சும்மா நிற்பது நான் மட்டும்தான்.

வலப்பக்கம் துடைத்தாயிற்று.
என் முகமும் ட்யூப்லைட்டும் அதில் தெரிகின்றன;
முகத்தைவிட ட்யூப்லைட் நன்றாக.
இடப்பக்கம் பன்னிரண்டாவது நிமிஷத்தில்
போன் அடிக்கிறது.

எட்டு நிமிஷம் பொறுங்கள் என்று
சொல்ல முடியாத வேலை.
பெயர், வயது, தெரு,
மாடியா கீழ்வீடா என்று எழுதிக்கொள்கிறேன்.
லோகன் சாவியோடு வருகிறான்,
திருநீறு அப்பிய மாதிரி நிற்கும் இடப்பக்கத்தைப் பார்க்கிறான்,
என்னைப் பார்க்கிறான்.

"சுவரோரம் அந்தப் பக்கம் வர்ற மாதிரி நிறுத்து" என்கிறேன்.